கையெழுத்தில்லாத ஓவியம்: கோபுலுவின் தொழிலும் நமது சங்கச் சின்னமும்

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நம் பெரியோர் கேட்டனர். மல்லிகை மணக்கும் தெருவுக்குள் இம்மொழி முற்றிலும் உண்மை. ஆயின், விடியுமுன் தோட்டத்தில் பறித்த அரும்பு பெட்டியில் அடைபட்டு வெகு தொலைவிலுள்ள சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபின், அது எந்த ஊர்ப் பூ, யார் வளர்த்த பூ என்று மணம் ஒன்றே சொல்லிவிடுமா? பூவின் கதியே இதுவென்றால் புடவையின் கதி என்ன? சென்னைத் தியாகராய நகரின் கடைகளில் கண்ணாடிப் பேழைக்குள் மடித்து வைத்த பட்டைக் கேட்டுப் பாருங்கள். அது கடைக்காரர் பெயரைச் சொல்லும். தறியில் அமர்ந்து பல நாள் உழைத்தவர் பெயரை அது சொல்லாது. இத்தனைக்கும், அந்த நகருக்குத் தம் பெயரைத் தந்த பிட்டி தியாகராயச் செட்டியார் நெசவுக் குலத்திலே பிறந்தவர்.

செய்தவர் பெயர் தெரியாமல் பொருள் விலைபோகும் இந்நிலை நெசவாளருக்கும் விவசாயிக்கும் மட்டும் உரியதன்று. நிறுவனங்களுக்குச் சின்னமும் விளம்பரமும் வரைந்து தரும் ஓவியர்களும் இதே நிலையில் உள்ளவர்களே. அத்தொழிலில் பெரும் பெயர் பெற்ற ஒருவரின் வாழ்க்கையை இவ்விதழில் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அதில் நம் சங்கங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருப்பதாகக் கருதுகிறோம்.

தஞ்சையிலிருந்து சென்னைக்கு

ஓவியர் கோபுலு 1924-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் கோபாலன். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றார். அக்காலத்தில் ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையில் தலைமை ஓவியராய் விளங்கியவர் மாலி. தமிழ்நாட்டில் கேலிச் சித்திரக் கலைக்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர் அவர். அவருடைய கோடுகளில் மனத்தைப் பறிகொடுத்த இளைஞர், 1940-களின் தொடக்கத்தில் அவரை நாடிச் சென்றார். மாலியும் பையனின் கைத்திறனைக் கண்டு ஆதரித்து, கோபாலன் என்பதைக் கோபுலு என்று மாற்றியமைத்தார். அந்த மூன்றெழுத்தே பிற்காலத்தில் நாடறிந்த பெயராயிற்று.

விகடனில் அவர் ஏறத்தாழ இருபதாண்டுகள் வரைந்தார். உடன் பணிபுரிந்த ‘சில்பி’ கோயிற் சிற்பங்களை அங்குலம் அங்குலமாக எழுதிக் காட்டியவர். கோபுலுவின் நாட்டமோ மனிதர்மேல் சென்றது. கல்யாண வீட்டுச் சமையற்காரர், நாதசுரக்காரரின் தவுல்காரத் தோழர், மூக்குக்கண்ணாடிப் பாட்டி, திண்ணையில் வெற்றிலை மெல்லும் பெரியவர் ஆகிய யாவரும் அவர் கோட்டில் உயிர்பெற்றனர். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கும், சாவி எழுதிய ‘வாஷிங்டனில் திருமணம்’ தொடருக்கும் அவர் வரைந்த படங்களை அக்கதைகளிலிருந்து பிரித்து எண்ணவே வாசகர்களால் இயலவில்லை. ஒரு சொல்லும் இல்லாமல் படத்தாலேயே சிரிக்கவைக்கும் துணுக்குகளையும் அவர் ஏராளமாக எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அவற்றைக் கண்டு நகைத்தனர். இத்திறமை பின்னாளில் அவருக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பிளாக்கும் ஜக்கார்டு அட்டையும்

அவருடைய கோட்டின் சிக்கனத்துக்குக் கலைநயம் மட்டும் காரணமன்று. அக்காலத்து அச்சு முறையும் ஒரு காரணம் ஆகும். ஓவியர் கறுப்பு மையால் வரைந்த படத்தைப் புகைப்படமெடுத்து, அந்நிழலைத் துத்தநாகத் தகட்டில் பதித்து, கோடில்லாத இடங்களை அமிலத்தால் அரித்தெடுப்பர். கோடு மட்டும் மேடாக நிற்கும். அதன்மேல் மை ஏறி, தாளில் பதியும். இதனை ‘லைன் பிளாக்’ என்பர். கோடுகள் மிக நெருங்கினால் இடையில் மை அடைத்து அப்பிவிடும். கோடு மிக மெலிந்தால் அச்சில் அறுந்துபோகும். மட்டரகத் தாளில் இத்தொல்லை இரட்டிப்பாகும். ஆகவே நூறு கோடுகளால் சொல்வதைப் பத்துக் கோடுகளால் சொல்லக் கற்றவனே பத்திரிகை ஓவியனாக நிலைக்க முடிந்தது.

நம் நெசவாளர்களுக்கு இது புதிய செய்தியாயிராது. கரைக்கு ஓர் அன்னப்பட்சியையோ மாங்காயையோ வரையும் டிசைன்காரர், கிராப் தாளில் கட்டம் கட்டமாகவே வரைகிறார். ஒவ்வொரு கட்டமும் பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஓரிடம். ஜக்கார்டு அட்டையில் குத்தும் ஒவ்வொரு துளையும் ஓர் இழையைத் தூக்குவதற்கு உரியது. இழைக்குக் குறைவான நுணுக்கத்தைத் தறி ஏற்காது. எனவே அன்னத்தின் எந்த வளைவை வைத்துக்கொள்வது, எதனை விட்டுவிடுவது என்று அவர் முன்னதாகவே தீர்மானிக்க வேண்டும். கோபுலு பிளாக்குக்காகச் செய்ததும் இதுவே. கருவி விதிக்கும் கட்டுப்பாட்டை ஏற்று, அதற்குள்ளேயே உயிரைக் கொண்டுவருவது இரு தொழில்களுக்கும் பொதுவான தருமம்.

பெயர் மறைந்த இருபதாண்டுகள்

1963-ஆம் ஆண்டில் கோபுலு விகடனை விட்டு விலகி, ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். 1972-இல் ‘ஆட் வேவ்’ என்ற பெயரில் சொந்தமாகவே ஒரு விளம்பர நிறுவனத்தைத் தொடங்கினார். பத்திரிகைகளுக்கு வரைவதையும் அவர் அறவே விட்டுவிடவில்லை. எனினும் அவர் உழைப்பில் பெரும்பகுதி இப்போது வியாபார நிறுவனங்களுக்குரியதாயிற்று.

இம்மாற்றத்தின் உட்பொருளை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். விகடனில் அவர் வரைந்த ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ‘கோபுலு’ என்ற கையெழுத்து இருந்தது. வாசகர்கள் அதைத் தேடிப் பார்த்து மகிழ்ந்தார்கள். விளம்பரத்திலோ ஓவியன் கையெழுத்திடும் வழக்கம் இல்லை. அங்கே பெயர் பொருளுக்கு உரியது, பொருளைச் செய்யும் நிறுவனத்துக்கு உரியது. படம் எவ்வளவு சிறக்கிறதோ அவ்வளவுக்கு வரைந்தவரை மக்கள் மறந்து பொருளை நினைவில் வைப்பார்கள். நாட்டில் பாதிப்பேர் பெயரறிந்த ஒருவர், நாற்பது வயதையொட்டிய பருவத்தில், பெயரே தெரியாத ஒரு தொழிலுக்குள் விரும்பிப் புகுந்தார் என்றால், அத்தொழிலில் அவர் கண்ட சுவை சாமானியமாக இராது.

விளம்பர நிறுவனத்தில் ஓவியனுக்குத் தனியாட்சி கிடையாது. பொருளின் சொந்தக்காரர் தம் தேவையைச் சொல்வார். அதனைக் கேட்டு வருபவர் ஒருவர், வாசகம் எழுதுபவர் ஒருவர், படத்தை மனத்தில் அமைப்பவர் ஒருவர், எழுத்தை வரைபவர் ஒருவர் எனப் பலர் கூடிச் செய்யும் வேலை அது. பாவு ஓடுபவர், சாயம் தோய்ப்பவர், அச்சுப் பிணைப்பவர், நெய்பவர் என்று பலர் கைபட்டுத்தான் ஒரு சேலை உருவாகிறது அல்லவா? அதைப் போன்றதே இதுவும். முன்பு சொல்லில்லாமல் சிரிக்கவைத்த அதே திறமை இங்கே அவருக்குக் கைகொடுத்தது. வழியில் நடப்பவன் ஒருகணம் திரும்பிப் பார்க்கும் நேரத்துக்குள் செய்தியைச் சொல்லிவிடும் ஆற்றலே விளம்பரத்துக்கு வேண்டுவது. நிறுவனங்களுக்கு அவர் வரைந்து தந்த சின்னங்களுள் ‘குங்குமம்’ வார இதழினுடையதும், சன் தொலைக்காட்சியினுடையதும் குறிப்பிடத்தக்கவை. இவற்றைக் கண்ட கோடிக்கணக்கான மக்களுள் எத்தனை பேர் வரைந்தவர் பெயரை அறிந்திருப்பர்?

1991-இல் தமிழக அரசு அவருக்குக் ‘கலைமாமணி’ விருது வழங்கியது. வேறு விருதுகளும் அவரை வந்தடைந்தன. முதுமையில் வாத நோயால் வலக்கை செயலிழந்தபோது, ஓய்ந்து அமராமல் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். கை மாறியும் கோட்டில் அவர் அடையாளம் மறையவில்லை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், தொண்ணூறு வயது நிறைந்தவராய்ச் சென்னையில் காலமானார்.

சின்னம் வரையும் வேலை

சின்னம் என்பது நமக்கு அந்நியச் சரக்கன்று. ஊர் வண்ணார் சேங்கொட்டைச் சாற்றால் துணி மூலையில் இடும் குறி, இன்ன வீட்டுத் துணி என்று அவருக்கு மட்டும் சொல்லும். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லின்மீது சாம்பலாலோ சாணிப்பாலாலோ இட்ட குறி, இரவில் யாரேனும் கைவைத்தால் காட்டிக்கொடுக்கும். மாட்டுக்கு இட்ட சூடு சந்தையிலும் சொந்தக்காரனைச் சொல்லும். இக்குறிகளின் இலக்கணம் மூன்று: எளிதில் இடக்கூடியதாயிருக்க வேண்டும், பார்த்தமாத்திரத்தில் தெரியவேண்டும், வேறொருவர் குறியோடு மயங்கக்கூடாது. இன்றைய பெரிய நிறுவனங்களின் சின்னங்களுக்கும் இம்மூன்றைக் காட்டிலும் பெரிய இலக்கணம் கிடையாது.

தேர்ந்த ஓவியர் சின்னத்தை உடனே வரையத் தொடங்குவதில்லை. பொருளை வாங்குபவர் யார், எங்கே பார்த்து வாங்குகிறார், பக்கத்துப் பொருள்களின் சின்னங்கள் எவை என்று முதலில் விசாரிப்பார். பிறகு பல மாதிரிகளை வரைந்து, பெரும்பாலானவற்றைக் கழித்துவிடுவார். எஞ்சியதைச் சோதனைக்கு உட்படுத்துவார். ஒரே நிறத்தில் அச்சிட்டால் விளங்குகிறதா? கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கினாலும், லாரியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதினாலும் உரு கெடாமல் நிற்கிறதா? ரப்பர் முத்திரையில் தெளிவாக விழுகிறதா? இச்சோதனைகளில் தோற்கும் சின்னம், சட்டமிட்டுச் சுவரில் மாட்ட அழகாயிருந்தாலும் சந்தைக்கு உதவாது.

கிண்டியில் படித்தவர் வரைந்த குறி

கோபுலுவின் காலத்தில் இத்தொழிலுக்குப் பத்திரிகை அலுவலகமே பெரும்பாலும் பள்ளியாயிருந்தது. பின்னர் இதற்கெனவே உயர்கல்வி தோன்றியது. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இலும், பம்பாய் ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையம் 1969-இலும் அமைந்தன. இவ்வழியே வந்து உலகறியும் குறி ஒன்றை வரைந்தவர் நம் தமிழர் உதயகுமார்.

கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த இவர், அடையாற்றுக்கு அண்மையில் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று 2001-இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பம்பாய் ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புக் கல்வி முடித்து, தமிழ் அச்செழுத்துகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். 2009-இல் மத்திய நிதியமைச்சகம் ரூபாய்க்கு ஒரு குறி வேண்டுமென்று போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் வந்து குவிந்தன. அவற்றுள் ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தன. 2010-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் மத்திய அமைச்சரவை உதயகுமாரின் குறியை ஏற்றது. பரிசுத் தொகை இரண்டரை லட்சம் ரூபாய்.

அக்குறியில் தேவநாகரி ‘ர’ எழுத்தும், செங்குத்துக் கோடு நீங்கிய ரோமன் எழுத்தும் ஒன்றாய்ப் பொருந்தியுள்ளன. மேலே இரண்டு கிடைக்கோடுகள். உலகின் பிற நாணயக் குறிகளிலும் இத்தகைய கோடுகள் இருப்பதால், பார்த்தவுடனே இது பணக்குறி என்று அயல்நாட்டாருக்கும் புரிகிறது. வரைந்ததோடு வேலை தீர்ந்ததா என்றால் இல்லை. கணினிகள் யாவும் அதனை அறியும்படி அதே ஆண்டு அக்டோபரில் ஒருங்குறித் தரத்தில் இடம் தரப்பட்டது. 2011 முதல் நாணயங்களிலும், பின்னர் நோட்டுகளிலும் அது பொறிக்கப்பட்டது. இன்று காய்கறிக்கடைப் பலகையில்கூட அதைச் சாக்குக்கட்டியால் எழுதுகிறார்கள். அதிலும் வரைந்தவர் கையெழுத்து இல்லை.

நமக்கு வாய்த்துள்ள குறிகள்

ஓவியர்கள் நம் தொழிலுக்குத் தூரத்து உறவினரல்லர். ஓவியர் கே. எம். ஆதிமூலம் சென்னை நெசவாளர் சேவை மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்தை அழகுபட எழுதிப் புதுவழி காட்டியவரும் அவரே. 1936-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் நிறுவிய கலாக்ஷேத்திரம், நடனத்தோடு நெசவையும் பேணியது. பழைய அகலக் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் அங்கே மீண்டும் தறியில் ஏற்றினார்கள். விளைவாக, ‘கலாக்ஷேத்திரப் புடவை’ என்ற பெயரே ஒரு முத்திரையாயிற்று.

நாடு முழுவதற்குமாகக் ‘கைத்தறி முத்திரை’ 2006-இல் வெளிவந்தது. அதனை வடிவமைத்தது தேசிய வடிவமைப்பு நிறுவனம். பாவும் ஊடையும் பின்னி ஒரு கனசதுரமாய்த் தோன்றும் அச்சின்னத்தை ஜவுளிக் குழுவில் பதிவு செய்துகொண்டோர் பயன்படுத்தலாம். 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், முதலாவது தேசியக் கைத்தறி தினத்தன்று, ‘இந்தியக் கைத்தறி’ என்னும் தர முத்திரை சென்னையிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. கம்பளித் துணிக்கு 1964-இல் ஏற்பட்ட நூற்கண்டு வடிவ ‘உல்மார்க்’ சின்னம் உலக முழுவதும் பெற்ற மதிப்பை இவை பெறுமா என்பது, இவற்றை ஒட்டும் நம் கைகளைப் பொறுத்தது.

விளைபொருளுக்கும் வழியுண்டு. ஊரின் பெயரால் புகழ்பெற்ற பொருள்களுக்குப் புவிசார் குறியீடு வழங்கும் பதிவகம் நாடு முழுமைக்கும் ஒன்றே. அது சென்னைக் கிண்டியில் உள்ளது. காஞ்சிப் பட்டு, மதுரை மல்லி, ஈரோட்டு மஞ்சள் ஆகியவை அங்கே பதிவு பெற்றவை. ஆனால் ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டதாலேயே அங்குள்ள ஒவ்வொருவரும் சட்டப்படி அதனைப் பயன்படுத்தும் உரிமையுடையவராகிவிட மாட்டார். ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ எனத் தம் பெயரைத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். இதனைச் செய்யாதிருக்கும் அங்கத்தினர்கள் உடனே கவனிப்பாராக.

சங்கங்கள் செய்யவேண்டுவன

பொதுக் குறிகள் இருக்கச் சங்கத்துக்குத் தனிச் சின்னம் எதற்கென்று சிலர் வினவக்கூடும். பொதுக் குறி, துணி கைத்தறியென்று சொல்லும். எந்தச் சங்கத்துக் கைத்தறி என்பதைச் சங்கச் சின்னமே சொல்ல வேண்டும். அதனை ஏற்படுத்திக்கொள்ள விரும்பும் நிர்வாகக் குழுக்களுக்குச் சில யோசனைகள் கூறுகிறோம்.

முதலாவது, சின்னத்துக்கு முன்னே தரத்தைத் தீர்மானியுங்கள். இழை எண்ணிக்கை, சாயத்தின் உறுதி, அளவு ஆகியவற்றில் இன்னது குறைந்தால் சின்னம் ஒட்டப்படாது என்று தீர்மானம் எழுதி வையுங்கள். மட்டமான ஒரு துண்டின்மீது ஒட்டிய சின்னம், நல்ல நூறு துண்டுகளின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, ஓவியருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். நம் நெய்கூலிக்காக வாதாடும் நாம், வரைகூலியைத் தரத் தயங்கலாகாது. என்ன தேவை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். விளக்கு, மயில், தறி, கதிர், கைகுலுக்கும் இரு கரங்கள் எல்லாம் ஒரே சின்னத்தில் வேண்டுமென்று குழுவினர் ஆளுக்கொன்று கேட்டால், ஓவியர் கோபுலுவாகவே இருந்தாலும் திணறித்தான் போவார்.

மூன்றாவது, உரிமையை எழுத்தில் பெறுங்கள். பணம் கொடுத்துவிட்டதாலேயே சின்னத்தின் பதிப்புரிமை சங்கத்துக்கு வந்துவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் கையொப்பமிட்ட உரிமைமாற்றப் பத்திரம் தேவை. அப்பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை ஐந்தாண்டுக்கே செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வெளிநாட்டுக்குத் துணி அனுப்பும் சங்கங்கள் இவ்விரு வரிகளையும் மறவாதிருத்தல் வேண்டும்.

நான்காவது, சின்னத்தை வணிகக்குறியாகப் பதிவு செய்யுங்கள். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின்படி பதிவு பத்தாண்டு செல்லும். பின்னரும் பத்துப் பத்தாண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பலர் சேர்ந்த ஓர் அமைப்பு, தன் அங்கத்தினர்களுக்குப் பொதுவாகக் ‘கூட்டுக்குறி’ பெறவும் அச்சட்டம் இடமளிக்கிறது. காரியதரிசிகள் புதுப்பிக்கும் தேதியைக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்திலேயே குறித்து வைப்பது நலம்.

கோபுலு தம் பெயரை மறைத்துக்கொண்டு வரைந்தது அவராகத் தேர்ந்த வழி. அதற்குமுன் அவர் கையெழுத்தை நாடு அறிந்திருந்தது. நம் நெசவாளரும் விவசாயியும் பெயரின்றி இருப்பது அவர்கள் தேர்ந்ததன்று. தனித்தனியே ஒவ்வொரு சேலையிலும் ஒவ்வொரு மூட்டையிலும் பெயர் எழுதுவது ஆகிற காரியமுமன்று. ஆனால் சங்கமாகச் சேர்ந்தவர்கள் அனைவரும் ஒரே குறியின்கீழ்த் தம் உழைப்பை வைத்தல் கூடும். தறியிலிருப்பவரின் கையெழுத்தும் வயலிலிருப்பவரின் கையெழுத்தும் அக்குறிக்குள் அடங்கும். வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதனை ஒரு பொருளாக எடுத்து ஆலோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.